பதினேழாம் குழியில் எதிர்க்காற்று

செப்டம்பர் 20, சனி

காலையில் ஏழு பாகைக் குளிர். மழை இல்லை, காற்று மட்டும். செய்ய வேண்டியவை: மகள் மயூரியின் கோல்ஃப் சப்பாத்துக்குப் புது முள், வாழைப்பழம், கார் ரயருக்குக் காற்று.

அமெரிக்கக் கோச்சின் மின்னஞ்சலைத் திரும்பவும் வாசித்தேன். எத்தனையாவது தடவை, தெரியாது. அவருடைய கல்லூரிப் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் ஆட்டமும் சேர்த்து, பந்தை நூற்றைம்பது தடவைக்குள் அடித்து முடித்தால் மயூரியோடு பேசுவாராம். படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நூற்றைம்பத்தொன்று என்றால் என்ன என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை.

மத்தியானம் மனைவி வதனியின் அண்ணன் வந்தார், கிரெய்கிபர்னிலிருந்து. என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டு: "என்ன மச்சான், எல்லாரும் பிள்ளையளை டொக்டருக்கு விட, நீர் பிள்ளையைப் புல்லிலை மேய விடுறீர்?" வதனியும் சிரித்தாள். அவர் சொன்னதை மறப்பேன். அவள் சிரித்ததை மறக்க மாட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பயிற்சி. இரண்டு மணித்தியாலம். முழங்கை சரியில்லை என்றாள் மயூரி, பிறகு சரி என்றாள்.

ஊரில் பொறியியல் படித்தவன் நான். இங்கே மல்கிரேவ் ஒஃபிஸில் பதினாறு வருடமாக மற்றவர்கள் கீறிய வரைபடங்களில் பிழை பார்க்கிறேன். நான் வேலை பழக்கிய பெடியன் இப்போது எனக்கு மேலே. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டக் கூப்பிடுகிறான். கோல்ஃபில் அந்த விளையாட்டு இல்லை. பெயரைப் பார்த்து, முகத்தைப் பார்த்துப் புள்ளி போட முடியாது. பந்து குழிக்குள் விழுந்தால் விழுந்ததுதான்.

வரும் வழியில் மயூரி: "அப்பா, இந்த முறை கோல்ஃப் கோர்ஸிலை நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது. ப்ராமிஸ்?"

"ஓம் ஓம்."

"தமிழிலயும்."

சிக்னல் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுபத்து நான்கு! எழுதிவைக்கிறேன்: 74.

சேகரும் வந்திருந்தார். பொயிண்ட் குக்கில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர், மகள் நிலாவும் ஆடுகிறாள். நிலா இன்று 83, ஒன்பது அடி கூட, நல்லாப் பின்னுக்கு. ஆனாலும் ஆளுக்கு வாயெல்லாம் பல். "மயூரி ஸ்விங் பாத்தீங்களா சார்? வெண்ணெய்யில கத்தி எறங்குற மாதிரி!" எலுமிச்சைச் சாதம் நீட்டினார். பசியில்லை என்றேன். பசித்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினேழாம் குழி. நடுவில் குளம், எதிர்க்காற்று. இனி ஒரு பிழைக்கும் இடமில்லை. மயூரி கையில் ஏழாம் நம்பர் அயன் மட்டை. அந்தக் காற்றில் அதால் அடித்தால் பந்து குளத்தைத் தாண்டாது, ஆறாம் நம்பர்தான் தாண்டும், எனக்குத் தெரியும். விதிப்படி பெற்றோர் தண்ணீர், பழம் கொடுக்கலாம். ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. எட்டு வருடமாக நான் செய்வதையே செய்தேன். வாழைப்பழத்தை நீட்டி, வீட்டுக் கதை மாதிரி: "காத்து எதிரா அடிக்குது பிள்ளை. ஆறை எடம்மா."

பக்கத்தில் நின்ற ரெஃபரி என்னைப் பார்த்துச் சிரித்தார். தகப்பன் ஏதோ அன்பாகச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

மயூரி என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஏழாம் நம்பரைப் பைக்குள் வைத்து ஆறாம் நம்பரை எடுத்தாள். பந்து கொடியிலிருந்து ஒரு கதிரை போடுகிற தூரத்தில் போய் நின்றது.

எழுபத்தைந்து. மொத்தம் 149. வதனிக்கு ரெலிபோன் எடுத்துக் கத்தினேன்.

இருபது நிமிடம் கழித்து முடிவுப் பலகையில் 77. மொத்தம் 151. பக்கத்தில் குறிப்பு: வெளியாள் ஆலோசனை, தண்டமாக இரண்டு அடி கூட்டல்.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர் வேறு யார்? சேகர். மகளின் ஆட்டம் முடிந்த பிறகு, மயூரியைப் பார்க்கவென்றே வந்து பத்தடி பின்னால் நின்றவர். கார் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"சந்தோசமோ? இப்ப நெஞ்சு குளிர்ந்துதோ?"

"சார், என்ன சொல்றீங்க? நான் யார்கிட்டயும் பேசவே இல்ல சார். நிலா எங்கயோ கடைசியில கிடக்கா, நான் எதுக்கு…"

"தமிழன் எண்டு நம்பினது என்ரை பிழை."

நிலா பக்கத்தில் நின்றாள். தகப்பனின் கையைப் பிடித்தாள். மயூரி எங்கள் காருக்குள், காதில் பாட்டுக் கேட்கும் குமிழோடு.

செப்டம்பர் 24, புதன்

லீவு போட்டேன். சேகரின் நம்பரைத் தடுத்தேன். பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு வெளியேறினேன். நல்ல வரிகள்தான்.

பின்னேரம் வதனி ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்தாள். உடுப்பு மாற்றவில்லை. குசினிக்குள் அடுப்படியில் நின்றே: "அந்த மனுசனை விடுங்கோ. சொன்னது மயூரி. ஸ்கோர் கார்டிலை கையெழுத்து வைக்க முதல், ரெஃபரியிட்டைத் தானே போய்ச் சொன்னவள்."

நம்பவில்லை. மயூரி கதவடியில்.

"ஏன்?"

"நீங்கள் சொல்லித்தானே அப்பா நான் மட்டையை மாத்தினனான்."

"அங்கை ஒருத்தருக்கும் விளங்கேல்லையே!"

"எனக்கு விளங்கினதுதானே."

பிறகு தன் சின்னக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று வருடத்துப் போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பேனையால் ஓர் எண், பக்கத்தில் பென்சிலால் அதைவிடக் கூடின இன்னோர் எண். நான் வாய் திறந்த ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு அடி தண்டம் கூட்டியிருந்தாள். அவள் வென்ற கோப்பைகள் அடுக்கிய தட்டைப் பார்த்தேன். பென்சில் எண்ணின்படி அதில் இரண்டுதான் மிஞ்சும்.

"கார் பார்க்கிலை நான் அந்தாளோடை கதைச்சது கேட்டதோ?"

"பாட்டுப் போடேல்லை அப்பா." தரையைப் பார்த்துக்கொண்டு: "சொல்லப் பயமா இருந்தது."

கோச்சுக்கும் எழுதிவிட்டாளாம். கொப்பியில் உள்ளதையும்.

செப்டம்பர் 26, வெள்ளி

தூறல். கோச்சின் பதில், நாலு வரி. நேர்மையை மிகவும் மதிக்கிறாராம். இடம் வேறொரு பிள்ளைக்கு. மதிப்பை வைத்து என்ன செய்ய?

நான் கோபப்பட வேண்டிய ஆட்களின் பட்டியல் நீளம். இன்று முழுக்கத் தேடினேன், இதற்குப் பொருந்துகிற ஒருவரும் அதில் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏழாம் நம்பரால அடிச்சிருந்தா தாண்டியிருக்குமோ?"

தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "தெரியாது அப்பா. இனித் தெரிய வராது."

செப்டம்பர் 28, ஞாயிறு

சேகரின் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்தேன். 'மன்னிக்கவும்' என்று அடித்தேன். அழித்தேன். 'சேகர், அன்றைக்கு' என்று தொடங்கினேன். அழித்தேன். புல் வெட்டினேன்.

அக்டோபர் 4, சனி

சின்னப் போட்டி, கிளப்புக்குள்ளே. கோச் ஒருவரும் பார்க்காதது. வதனிக்கு வேலை, நான்தான் ஓட்ட வேண்டும். மயூரியின் நிபந்தனை: நான் காருக்குள் இருக்க வேண்டும். "ஓம்" என்றேன். அவள் பையை இறக்கிய பிறகுதான் கண்டேன், வாழைப்பழம் பின் இருக்கையில்.

இங்கிருந்து புல்வெளி தெரியாது. மரங்கள், ஒரு குப்பைத்தொட்டி. இடைக்கிடை பந்து அடிபடும் சத்தம். யாருடையது என்று தெரியாது.

யாரோ கார்க் கண்ணாடியில் தட்ட, இறக்கினேன். சேகர்.

"வரலையா சார்? நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரும் ஆறாவது குழியில இருக்காங்க."

இறங்கி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாயில் வந்தது: "முழங்கால் நோகுது."

"அப்படியா. பாத்துக்கோங்க." போகத் திரும்பியவர் நின்றார். "மயூரிகிட்ட ஏதாவது சொல்லணுமா சார்?"

"இல்லை. ஒண்டும் சொல்ல வேண்டாம்." பழத்தை எடுத்து நீட்டினேன். "இதை மட்டும் குடுங்கோ."

வாங்கிக்கொண்டு போனார்.

மரங்கள் எல்லாம் இந்தப் பக்கம் சாய்கின்றன. அவளுக்கு எதிர்க்காற்று. கண்ணாடியை ஏற்றினேன்.