படியேறி வந்த வெள்ளணுக்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வாங்க வேண்டியது: தெர்மாமீட்டர் பேட்டரி, பினாயில், புழுங்கலரிசி.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரருக்கு மூன்றாவது கீமோ. ரத்தத்தில் நியூட்ரோபில் குறைந்தது ஆயிரத்தைந்நூறு இருந்தால்தான் ஏற்றுவார்களாம். இன்று ஆயிரத்து நூறு. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிப்போய் விழுங்குகிற வெள்ளணு அதுதான். கட்டிக்குக் கொடுக்கிற மருந்து, அது பிறக்கிற எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடக்கிவிடுகிறது.

"தள்ளிப்போனா கட்டி சும்மா இருக்குமா?" என்கிறார். இட்லி ஒன்றுகூட முழுதாக இறங்கவில்லை.

ஜூன் 4, புதன்

பரணில், ரத்த அணு எண்ணுகிற என் பழைய கவுண்ட்டர் கிடைத்தது. டவுன்ஷிப் லேபில் முப்பது வருடம் தட்டிய பொத்தான்கள். மெஷின் வந்ததும் "நீங்களே வச்சிக்கங்க மேடம்" என்று கொடுத்துவிட்டார்கள்.

ஸ்லைடுக்கு நூறு வெள்ளணு எண்ணுவேன். கரு மூன்று நான்கு மடலாக இருந்தால் நியூட்ரோபில். உருண்டைக் கரு லிம்போசைட். ஒரு தடவை வந்த அம்மையை ஆயுசுக்கும் மறக்காத கூட்டம். ஆரஞ்சுப் பொடி தூவினது இயோசினோபில், வயிற்றில் பூச்சி இருந்தால் ஏறும்.

சுரங்கத் தொழிலாளர்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து நேராக சைக்கிள் மிதித்து வருவார்கள். பதினைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் ரத்தம் எடுப்பேன். மூச்சிரைக்க எடுத்தால் வெள்ளணு கூடுதலாகக் காட்டும். இவரையும் அப்படித்தான் முதன்முதலில் பார்த்தது. "எம்மா நேரங்க உக்காந்துகினு இருக்கறது?" என்று முறைத்தார். என் விரலெல்லாம் ஸ்லைடுக்கு ஊற்றுகிற ஊதாச் சாயம். அந்த நாட்கள் திரும்ப வேண்டும் போல இருக்கிறது. ஒரே ஒரு நாளாவது.

ஜூன் 5, வியாழன்

காற்றே இல்லை. மந்தாரக்குப்பம் லேபில் மறுபடி ரத்தம். ஆயிரத்து அறுநூற்றைம்பது. கும்பிட்டுவிட்டேன்.

ரிப்போர்ட் கொடுத்த பெண் சொன்னாள்: "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க மருந்துக் கடைக்குப் போனப்ப சார் மாடிப்படி ஏறி எறங்கிகினே இருந்தாருங்க. ஏன் சார்னா, எக்சர்சைஸ்னாரு."

கோபம் தலைக்கேறியது. இந்த சூட்சுமத்தை அன்று பெஞ்சில் வைத்து இவருக்குச் சொன்னவளே நான். டாக்டருக்கு போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். கீமோ ஒரு வாரம் தள்ளி. இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தூறல். காய்ச்சல் இல்லை. ரசம் சாதம்.

சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "ஏறி எறங்கனதும் அந்த அணுவெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"புதுசா வரலங்க. ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிகிட்டு இருக்கும். வேகமா ஓடுனா கழண்டு வரும், அப்பறம் திரும்பப் போயிடும். கிருமி வந்தா அது பத்தாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஏறுனீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரிப்போர்ட் வந்தா நீ என் மொகத்தையே பாக்கறதில்ல. ஒரு தடவ நல்ல நம்பரா வந்தா பாப்பியேன்னுதான்."

எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.