இடது கையில் ஒட்டிய விதைகள்

நவம்பர் 4, செவ்வாய்

குடிவந்து பதினொரு நாள். சமையலறை ஒரு வழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டது. குழாயைத் திறந்தால் முதலில் இருமுகிறது, பிறகுதான் தண்ணீர் விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் வயல். வயலைத் தாண்டி என்ன இருக்கிறது என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இவர் தினமும் போகிறார்.

பெட்டிகளில் ஒன்றை மட்டும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். என் துணிகளும், விதைப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் நான் பிடித்திருந்த பூதக்கண்ணாடியும் அதில் இருக்கின்றன. "அதை எப்பப் பிரிக்கப் போற?" என்று இவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். பார்க்கலாம் என்றேன்.

காரணத்தை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. அத்தனை வருடம் பேருந்து ஓட்டியவர் ஒரு நாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, "ஓட்டினது போதும், எங்கயாவது வெளியூர் போயிடலாம்" என்றார். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்." சும்மா எந்த மனிதனாவது வேலையை விடுவானா? எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நானும் விட்டுவிட்டு வந்தேன். மகளிடம் அப்பாவைத் தனியாக விட மனசில்லை என்று சொன்னேன். உண்மையில் தனியாக விட நம்பிக்கையில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பணிமனை எழுத்தர் ஒருத்தியோடு பழகிக்கொண்டு, எட்டு மாதம் கூடுதல் வேலை என்று என் காதில் பூச்சுற்றியவர். அன்றே சொல்லிவிட்டேன், இன்னொரு பொய் பிடிபட்டால் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. அதனால்தான் அந்தப் பெட்டி அப்படியே இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

முக்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தேன். வந்தவர் அதில் தடுக்கி, விழப்பார்த்து, என் மேல் எரிந்து விழுந்தார். "வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கணும்." முப்பது வருடமாக ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடுகிறவர் சொல்கிறார் இதை.

சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். நினைப்பு வேறெங்கோ இருக்கிறது.

நவம்பர் 8, சனி

நானும் நடக்க வருகிறேன் என்றேன். "உன் முட்டிக்கு ஆகாது, நான் வேகமா நடப்பேன்" என்றார். ஜன்னலில் நின்று பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அடி மேல் அடி வைத்துப் போகிறார். இதுவா வேகம்?

முன்பெல்லாம் சாயங்காலம் நடப்பதுதான் இவருக்குப் பிடிக்கும். இங்கே ஐந்து மணிக்கு மேல் வாசலைத் தாண்டுவதில்லை. கொசுவாம்.

நவம்பர் 10, திங்கள்

துவைக்கப் போடுமுன் இவர் சட்டையை உதறினேன். இடது கை முழுக்க நாயுருவி விதை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகக் கவ்விக்கொண்டிருந்தது. வலது கையில் ஒன்றுகூட இல்லை. கால்சட்டையில் நாலைந்து, அவ்வளவுதான்.

நடந்து போகிறவனுக்குக் காலில்தானே ஒட்ட வேண்டும்? கையில் ஏன்? அதுவும் ஒரு கையில் மட்டும்?

"எங்க போனீங்க?" என்றேன்.

"ஏரிக்கரைதான்."

நவம்பர் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டுக் கோழிக்காரம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். நல்ல இடம். தண்ணீர் ஓரமெல்லாம் கோரை, கரைச்சரிவில் மருளூமத்தைச் செடி, அதன் முட்காய்கள் என் புடவை விளிம்பில் கொத்துக் கொத்தாய் ஏறிக்கொண்டன. கொக்குகள் எங்களைப் பொருட்படுத்தவேயில்லை. கரை மேல் திறந்த வெளி, கை உயரத்துக்கு வேலியோ புதரோ கிடையாது. நாயுருவி ஒரு செடிகூட இல்லை.

திரும்பி வந்து என் புடவையிலிருந்து எடுத்ததையும் இவர் சட்டையிலிருந்து எடுத்ததையும் இரண்டு தாளில் வைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி தேவையே படவில்லை. இந்த மனிதர் ஏரிக்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்றும் இடது கை. நாயுருவி இருபத்திரண்டு. இன்றும் "ஏரிக்கரைதான்."

நவம்பர் 15, சனி

கோழிக்காரம்மாவிடம் மெதுவாக நூல் விட்டுப் பார்த்தேன். "உங்க வீட்டுக்காரரா? அவரு சூளைப் பாதையில இல்ல போறாரு. தையல்காரம்மா வீட்டைத் தாண்டி. டெய்லி" என்றாள். முட்டையைத் தாளில் சுற்றித் தந்துகொண்டே சொன்னாள். தையல்காரம்மாவுக்கு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று நான் கேட்காமலே, தனியாகத்தான் இருக்கிறாள் என்றும் சொன்னாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு ரவிக்கை தேவையில்லை. பழைய செங்கல் சூளை வழியாக மெயின் ரோட்டுக்குப் போகும் பாதை அது, இரண்டு ஆள் அகலம், இரண்டு பக்கமும் வேலி, வேலி முழுக்க நாயுருவி. இடையில் அந்த வீடு.

தையல்காரம்மாவுக்கு அறுபது இருக்கும், வாய் நிறைய ஊசி. அளவெடுக்கும்போது அவளாகவே சொன்னாள்: "அந்தப் புதுசா வந்த சாருதான் உங்க வீட்டுக்காரரா? அன்னிக்கு நான் வாசல்ல நிக்கிறேன், பார்க்காத மாதிரி நேரா வந்து மேல இடிச்சிட்டாரு. அப்புறம் ஒரே மன்னிப்பு. எங்க வாசல்லேர்ந்து மெயின் ரோடு எத்தனை அடின்னு வேற கேட்டாரு."

பார்க்காத மாதிரி இடிக்கிறாராம். இந்த வயசில். நான் அசடு வழியச் சிரித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, புதன்

என்னைப் பார்த்தா எப்படி இருக்கு இவருக்கு? எட்டு மாசம் ஏமாந்தவ, இன்னும் ஏமாறுவான்னுதானே? வேலையை விட்டுட்டு, ஊரை விட்டுட்டு, இந்த இருமுற குழாய்க்கு வந்து உட்கார்ந்திருக்கேனே — எதுக்கு?

மகளுக்கு போன் செய்தேன். "வாம்மா, ஆனா ஒரு தடவை அப்பாகிட்ட நேரா கேட்டுட்டு வா" என்றாள். கேட்பதற்கு முன்னால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கதை விடுவார்.

நவம்பர் 21, வெள்ளி

காலை எட்டு மணிக்கு இவருக்கு முன்னாலேயே கிளம்பி, தையல்காரம்மா வீட்டைத் தாண்டி, பாதை மெயின் ரோட்டைத் தொடுகிற சிறு பாலத்தில் போய் நின்றேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

வந்தார். இடது கையை வேலியில் உரசிக்கொண்டே வந்தார். தையல்காரம்மா வீட்டு வாசலில் நிற்கவில்லை, திரும்பக்கூட இல்லை. உதடு எதையோ முணுமுணுத்தது. நெருங்கிய பிறகுதான் கேட்டது. "அறுநூத்தி நாப்பது. அறுநூத்தி நாப்பத்தொண்ணு."

இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

நான் நகரவில்லை. இரண்டடி தூரத்தில் நின்றுவிட்டார். "யாரு?" என்றார். பிறகு, "முட்டித் தைலம் வாசனை வருதே. நீயா?"

"கண்ணைத் திறங்க" என்று மட்டும் சொன்னேன்.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சொன்னார். ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறதாம். நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. பொழுது சாய்ந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. போன வருடமே டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஓட்டியிருக்கிறார். ஒரு சாயங்காலம் ஓரமாக வந்த சைக்கிள்காரர் கத்தியதால் பிழைத்தார். மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டார்.

"இன்னும் மூணு வருஷமோ நாலு வருஷமோ. கண்ணு இருக்கும்போதே வழியைப் பழகிக்கணும். இந்தப் பாதைதான் பஸ் நிக்கிற இடத்துக்குப் போகுது. ஒரே நேர்கோடு, பக்கத்துல வேலி. அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டையே எடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ. முதல்ல நான் பயந்து முடிச்சிக்கறேன்னு பார்த்தேன்." சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு விதையைப் பிய்த்தார். "இன்னும் முடியல."

நவம்பர் 22, சனி

கோபம் போகவில்லை. பொய் பொய்தான். எனக்குத் தெரிய வேண்டியதைத் தெரியாமல் வைத்திருந்தார்.

என் மேலும் கோபம். கடுகளவு விதையில் களையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். தட்டிவிட்ட டம்ளரைப் பார்த்தேன், தடுக்கிய காலைப் பார்த்தேன். கண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சாப்பாடு போட்டேன். டம்ளரை நேர் எதிரில் வைத்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பெட்டியைப் பிரித்தேன். காலிப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றச் சொன்னேன். "போகல இல்ல?" என்றார். "முட்டி வலியோட எங்க போறது?" என்றேன். முக்காலிக்கு எந்த இடம் என்று அவரிடமே கேட்டுப் போட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இருவருமாகச் சூளைப் பாதையில் போனோம். தையல்காரம்மா ரவிக்கை தயார் என்றாள், இரண்டு அங்குலம் பெரிது. பாலத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் பேருந்து ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பேருந்தில் திரும்பினோம். வழியெல்லாம் ஓட்டுநரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். "கிளட்சை இப்படியா மிதிப்பான்?" முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாயங்காலம் துணிகளை உதறினேன். இவர் சட்டையின் இடது கையில் ஒரு விதைகூட இல்லை. என் இடது கையில் நாயுருவி பதினேழு. போகும்போதும் வரும்போதும் இடது வேலிப் பக்கம் நடந்தது நான்தான்.