சத்தம் பிரிக்கிற பெட்டி

உடப்பு
12.01.2013

அன்பின் மகள் மயூரதிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாய் இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் விலாசத்தை, புத்தளத்தில் ரேடியோ திருத்துகிற அபூசாலியின் மகள், உன்னோடு படித்த ஸஹ்றாவிடம் வாங்கினேன். போனில் கதைக்கலாமே என்றாள். போனில் உன் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். தபால் கந்தோரில் பென்ஷன் எடுத்த நாள் தொட்டு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தேன். முடிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் அடித்தொனிக்கு ஒரு பெரியது, மேல்தொனிக்கு ஒரு சின்னது. பெரியதுக்கும் சின்னதுக்கும் தனித்தனி அம்ப்ளிபையர் வைத்திருக்கிறேன். பாட்டு அங்கே போக முந்தியே அதை மேல், கீழ் என்று பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி வேணும். அக்டிவ் குரோஸ்ஓவர் என்பார்கள். கொழும்பில் தேடிக் களைத்துப்போனேன். லண்டனில் கிடைக்குமா என்று பார். அவசரமில்லை.

இப்படிக்கு,
அப்பா


லண்டன்
03.02.2013

அன்புள்ள அப்பா,

ஏழு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தில் ஒரு பெட்டியைப் பற்றித்தானா எழுதுவீர்கள்? முதலில் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் நல்லாய் அழுதேன். உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். கோசலா, ஐந்து வயது. கேட்டீர்களா?

என் கௌசிகனைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. கலியாணத்தன்று இவருடைய அப்பா மைக்கைப் பிடித்து எங்களை வாழ்த்திக் கதைத்துக்கொண்டிருக்க, மைக் கூவுகிறது என்று எழும்பிப் போய் வயரைப் பிடுங்கினீர்களே! "இதெல்லாம் ஒரு சவுண்ட் செற்றா?" என்று சபை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டீர்கள். அந்த சவுண்ட் செற்றைப் பிடித்ததே மாமா வீட்டார்தான். சாப்பிடாமலே முன்னேஸ்வரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்து இருத்தியிருப்பா. மன்னிப்புக் கேளுங்கோ என்று கெஞ்சினேன். "கூவினது கூவினதுதானே" என்றீர்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆனால் பாருங்கோ, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாளாய்த் தேடுகிறது இவர்தான். மூன்று வகை இருக்காம். பாட்டை இலக்கமாய் மாற்றிப் பிரிக்கிற டிஜிட்டல் ஒன்று. மேடைக்காரர் பாவிக்கிற, நிறையக் குமிழ் வைத்தது ஒன்று. வீட்டுக்கென்று ஒரு ஆள் கையால் செய்து கொடுக்கிற அனலொக் ஒன்று. எது வேணும், எந்த இடத்தில் பிரிக்க வேணும் என்று கேட்கச் சொன்னார்.

மயூரதி


உடப்பு
24.02.2013

அன்பு மகளே,

என்னத்தை எழுதுவது என்று தெரியாமல்தான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். கோசலா என்ற பெயரை இன்றைக்கு எத்தனை தரம் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா?

கேட்டதுக்குப் பதில். டிஜிட்டல் வேண்டாம். பாட்டை இலக்கமாக்கித் திரும்பப் பாட்டாக்கும். என் பழைய கசெற்றுகளுக்கு அந்த அலைச்சல் எதுக்கு? மேடைச் சாமானும் வேண்டாம். கோயில் வீதியில் அதன் இரைச்சல் தெரியாது. வீட்டில் எட்டடி தள்ளிக் கதிரையில் இருக்கிறவனுக்குப் பாட்டு நிற்கிற இடமெல்லாம் உஸ் என்று கேட்கும். குமிழும் ஆகாது, இந்த உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் கறகறக்கும். கையால் செய்கிறதுதான் வேணும். பிரிக்கிற இடம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஹேர்ட்ஸ், உள்ளே நிரந்தரமாய் வைத்துவிடட்டும். வெட்டு செங்குத்தாய் இருக்கவேணும், இருபத்துநான்கு டெசிபல். இல்லாவிட்டால் அடித்தொனி உள்ளே புகுந்து சின்ன ஸ்பீக்கரை எரித்துவிடும்.

எந்த இடத்தில் பிரிக்க வேணும் என்று கேட்டது சரியான கேள்வி. விஷயம் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார். அதை அவரிடம் சொல்லு.

அப்பா


லண்டன்
10.04.2013

அன்புள்ள அப்பா,

பெட்டியை நேற்றுத் தபாலில் போட்டாச்சு. இவரே பார்சல் கட்டினார். "சரியான கேள்வி" என்று நீங்கள் எழுதினதைத் தன் அப்பாவுக்கும் போனில் வாசித்துக் காட்டினார். இப்போது பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரித் தவிக்கிறார். இனி என்ன பிழை பிடிக்கப் போகிறீர்களோ, ஆண்டவனே! கோசலாவும் ஒரு படம் கீறி உள்ளே வைத்திருக்கிறாள். அது மாடு இல்லை, நீங்கள்.

மயூரதி


உடப்பு
06.05.2013

அன்பு மகளுக்கு,

பெட்டி வந்தது. என்னத்தைச் சொல்ல! பாடுகிறவர் மூச்சு வாங்குகிறதும் கேட்கிறது. அடித்தொனி அசையாமல் நிற்கிறது. இரைச்சல் மருந்துக்கும் இல்லை. ஒரு பிழையும் இல்லை மகள், ஒன்றுமே இல்லை. மருமகனிடம் அப்படியே சொல்லு. படத்தில் காது பெரிசாய்த்தான் இருக்கிறது, சரியாய்க் கீறியிருக்கிறாள். ஆடித் தீமிதிப்புக்கு மூன்று பேரும் வாருங்கோ.

அப்பா


லண்டன்
02.06.2013

அப்பா,

உங்கள் கடிதத்தை இவர் மாமாவுக்கு வாசித்தார். "அந்த மனிசன் பிழை இல்லை என்றாரா?" என்று மாமா இரண்டு தரம் கேட்டாராம். பிறகு, "அப்ப இந்த ஆடிக்குப் போவோம், நானும் உடப்புக்கு வாறேன்" என்றாராம். டிக்கெட்டும் எடுத்தாச்சு.

இன்றைக்கு அலுமாரி லாச்சியைத் துப்புரவாக்கினேன். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை அதற்குள் கிடக்கிறது. அனுப்ப மறந்திருக்கிறோம். அது இல்லாமல் உங்கள் பெட்டி வெறும் தகரம். அப்ப எதைக் கேட்டீர்கள் அப்பா? யாருடைய மூச்சைக் கேட்டீர்கள்?

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவார். மாமா, தன்னை இன்னொரு தரம் அவமானப்படுத்தியாச்சு என்பார். உங்களைக் கோபிக்கவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ.

மயூரதி


உடப்பு
19.06.2013

அன்பின் மருமகன் கௌசிகனுக்கு,

இது உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம். ஏழு வருஷத்துக்கு முந்தியே எழுதியிருக்க வேணும்.

நீங்கள் அனுப்பின பெட்டியில் நான் இன்னும் ஒரு பாட்டும் கேட்கவில்லை. அதன் பவர் சப்ளை உங்கள் வீட்டு லாச்சிக்குள் கிடக்கிறது. மயூரதியைக் கோபிக்காதேயுங்கோ, அவளுக்கே இப்போதுதான் தெரியும். வோல்ட் தெரியாமல் வேறொன்றைக் கொழுவினால் எரியும், மகளுக்கு எழுதிக் கேள் என்று அபூசாலி சொன்னான். எழுதத்தான் இருந்தேன். "பார்சலில் ஒரு சாமான் இல்லை" என்று முதல் வரி வந்தது. நீங்கள் எனக்கு அனுப்பின முதல் சாமான். அதிலும் பிழை பிடிக்கிறேனா என்று பயம் வந்துவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொய் எழுதினேன்.

என்ன செய்ய என்று மகள் கேட்டிருந்தாள். நேற்றுக் காலையில் பஸ் ஏறி முன்னேஸ்வரத்துக்கு, உங்கள் அப்பாவிடம் போனேன். பொய்யைச் சொன்னேன். கலியாணத்தன்று நான் செய்தது பிழை, மன்னியுங்கோ என்றும் சொன்னேன். அவர் எழும்பி உள்ளே போனார். சரி, இனி இருந்து வேலையில்லை என்று செருப்பைத் தேடினேன். ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணியோடு திரும்பி வந்து, "அன்றைக்கு நான் சொல்ல வந்ததை இன்றைக்காவது கேட்பீரா?" என்றார். ஓம் என்றேன்.

ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். நீங்கள் பிறந்த நாளில் இருந்து தொடங்கினார். தாயில்லாப் பிள்ளை மயூரதியை என் பிள்ளையாய்ப் பார்ப்பேன் என்று சபைக்கு முன்னால் எனக்குச் சொல்லத்தான் அன்றைக்கு மைக்கைப் பிடித்தாராம். நான் அழுதேன். அவரும் அழுதார்.

ஆடிக்கு வாருங்கோ. பவர் சப்ளையைக் கைப்பையில் வைத்துக் கொண்டு வந்து நீங்களே கொழுவுங்கோ. பிழை இருந்தால் உண்மையாய்ச் சொல்லுவேன், கோபிக்கக் கூடாது.

உங்கள் அப்பாவுக்கு நல்ல குரல். பேச்சுத்தான் கொஞ்சம் நீளம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அன்புடன்,
மாமா கனகசுந்தரம்