இடக்கைப் படிகம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். அம்பத்தூர் எஸ்டேட், மருந்து ஆய்வுக்கூடம். ஞாயிறு கட்டுரைக்காக மறுபடி. கெமிஸ்ட் நஸ்ரீன் (பூந்தமல்லிக்காரர்) பொறுமையாக விளக்கினார். ஒரே மருந்து, இரண்டு உருவம். வலது கை, இடது கை மாதிரி. வலது குணப்படுத்தும். இடது நரம்பைக் கெடுக்கும். இரண்டும் கலந்த சூடான கரைசல் ஆறும்போது, சுத்தமான வலது படிகம் ஒரு சிட்டிகை போட்டால் வலது மட்டும் படியும். பாலுக்கு உறை ஊற்றுவது போல என்றார்.

கொஞ்ச நாளாக இடதும் கலந்தே படிகிறதாம். மேனேஜர் ஆபரேட்டர் செல்வத்தை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார். இடது தூள் ஒட்டிய கரண்டியைக் கழுவாமல் படிகம் போட்டிருப்பாய் என்றார். "கழுவிட்டுதான் சார் போட்டேன்." நாளையிலிருந்து வர வேண்டாம் என்று உத்தரவு. இதை எழுதாதீர்கள் என்று என்னிடம்.

வாங்க: பிரஷர் மாத்திரை, ரீஃபில், எலுமிச்சை.

ஜூலை 8, செவ்வாய்

மூட்டம், மழை இல்லை. ஆவடி ரயிலில் ஒருவர் இன்னொருவரிடம்: "இன்னா மாமே, இம்மாம் பெரிய மூட்டை. ஊட்டையே தூக்கினு வந்துட்டியா?"

சேக்காட்டில் செல்வம் வீடு. டீ. சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்தேன். "வேல போனா போவுது அண்ணாத்தே. கழுவாதவன்னு பேரு வெச்சிட்டாங்களே, அத இன்னா பண்றது?"

ஜூலை 10, வியாழன்

நஸ்ரீன் வரச் சொன்னார். காலையில் அடுத்த அறையில் சோதனைக்கான இடது தூளை நிறுப்பது அவர் வேலை. அதே வெள்ளைக் கோட்டோடு இங்கே வருவார். அதில்தான் சந்தேகம். இரண்டு குடுவைகளில் புதுக் கரைசல். எதிலும் படிகம் போடவில்லை. ஒன்றின் மேல் மட்டும் கோட்டுக் கையை உதறினார். சாப்பிட்டு வந்து பார்த்தோம். உதறாதது தெளிவாக. உதறியதில் அடியில் வெள்ளை. ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் கருவியில் வைத்தார். இடது.

கோட்டைக் கழற்றினார். இது நம் இருவருக்குத்தான் தெரியும் என்றார். பிறகு அவரே செல்வத்துக்குப் போன் போட்டார்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். செல்வம் கேட்டது ஒன்றுதான்: அவரைக் குற்றம் சொன்ன அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கூடிவிட்டார்கள். செல்வம் வரும் பஸ் தாமதம். மேனேஜர் அவசரப்படுத்த, நஸ்ரீன் சொன்னார்: "தூசு என் கோட்டுல இருந்துச்சு. செல்வம் அண்ணன் கழுவிட்டுதான் போட்டாரு." சரி, வேலையைப் பாருங்கள் என்றார் மேனேஜர்.

கதவு திறந்தது. நனைந்த சட்டையோடு செல்வம். நஸ்ரீன் எல்லோரையும் நிற்கச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.