கடைசிப் பந்தி மகாராணி

மாமா, நேற்று லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் நமக்குத் தூரத்துச் சொந்தம். ரசம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் விரலில் அயோடின் வாசனை. காலையில் மாடுகளைக் கறந்து, காம்புகளை மருந்தில் முக்கிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் புறப்பட்டேன். என்ன கழுவினாலும் அந்த வாசனை போகாது. அதுவும் உங்களை மாதிரித்தான், போ என்றால் போகிற ஜாதி இல்லை. மற்ற பெண்களுக்கு மல்லிகைப் பூ வாசனையில் யார் யாரோ ஞாபகத்துக்கு வருகிறார்கள். எனக்கு மாட்டு மருந்து வாசனையில் அக்கா புருஷன். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

இறந்துபோனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நானும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு கிடைத்தது. சட்டை வெள்ளையாக இருக்கும். சாப்பிட்ட இலையை ஒழுங்காக மடிப்பீர்கள். சட்டையைத் துவைத்தது அக்கா. ஆக, ஒன்று.

போன வருஷம் நெஞ்சை வலிக்கிறது என்று பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் நீங்கள். எங்கள் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்து உங்கள் வாசலில்தான் நிறுத்தியிருந்தார். உள்ளே வந்து அழைக்கவில்லையாம், வெளியே நின்று ஹார்ன் அடித்தாராம். "மாப்பிள்ளைய ஹார்ன் அடிச்சா கூப்பிடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தீர்கள். திரும்பி வந்தது ஆம்புலன்சில். அதுவும் ஹார்ன் அடித்துக்கொண்டுதான் வந்தது. அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் எல்லா மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் முறுக்கு இருக்கும். ஒரு ஆடி, ஒரு தீபாவளி போனால் தளர்ந்துவிடும். உங்களுக்குப் பேரன் பிறந்தும் தளரவில்லை. ஆஸ்டின் டவுனில் என் கல்யாணம் நடந்த அன்றைக்கு, புது மாப்பிள்ளை வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள், பெரிய மாப்பிள்ளையான உங்களை இரண்டாவது பந்திக்கு இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் பட்டு வேட்டியோடு போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள். எங்கள் அப்பா பின்னாலேயே ஓடி வந்து, வெயிலில் நின்று கெஞ்சினார். எந்தக் கெஞ்சலுக்கும் அசையாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அவர் தன் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி உங்கள் கையில் கட்டினார். உடனே எழுந்து வந்து சாப்பிட்டீர்கள். பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினீர்கள். அப்பாவின் வாட்சோடு நீங்கள் திரும்பி வந்ததை நான் மணமேடையில் இருந்து பார்த்தேன். அன்றைக்கு வந்த இளக்காரம்தான் மாமா, இன்னும் குறையவில்லை.

அதே வாட்சைக் கட்டிக்கொண்டுதான் ஆனேக்கல் பக்கத்து லேஅவுட்டுக்கு வருவீர்கள். வீடு கட்டுகிறோம் என்று கல் நட்டு, ரோடு போட்டு, பணக்காரர்கள் மறந்துபோன இடம் அது. வீடு வரும்வரை மேய்த்துக்கொள்ளுங்கள் என்று நமக்கு விட்டார்கள். உங்கள் மூன்று மாடு, எங்கள் இரண்டு. முதல் கிராஸ் ரோட்டில் புல் தீர்ந்தால் இரண்டாவது கிராஸ், அது தீர்ந்தால் மூன்றாவது. கடைசி கிராஸை மேய்ந்து முடிப்பதற்குள் முதல் கிராஸில் புல் முழங்கால் உயரம் வந்துவிடும். பாதி கட்டி விட்டுப்போன கிளப் ஹவுஸின் சிமெண்ட் தரைதான் நாம் பால் கறக்கிற இடம். அக்காவும் நானும் குந்தி உட்கார்ந்து கறப்போம். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். கேட்டால் சூப்பர்விஷன்.

மாடுகளுக்கும் சம்பந்தி மரியாதை கொண்டுவந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். மகாராணி உங்கள் அம்மா வீட்டில் இருந்து வந்த மாடு. ஆகவே மாப்பிள்ளை வீட்டு மாடு. எங்கள் சின்னி பெண் வீட்டு மாடு. முதலில் மகாராணியைத்தான் கறக்க வேண்டும், அவள் முடித்த பிறகுதான் மற்றவை. சின்னிதான் எல்லாவற்றையும்விட அதிகம் கறக்கும், அவளுக்கு மடி நிரம்பிப் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தச் சின்னியின் மடியால்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் மழை விடாமல் பெய்தது. நீச்சல் குளத்துக்கென்று தோண்டிப் போட்ட பள்ளம் சேறாகிவிட்டது. கறந்த கையோடு மகாராணி போய் அந்தச் சேற்றில் படுத்துக்கொள்வாள். கறந்து முடித்ததும் காம்பின் வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், தீவனம் போட்டு நிற்க வையுங்கள் மாமா என்று அக்காவும் சொன்னாள், நானும் சொன்னேன். "மகாராணி குளிக்கிறா, உனக்கென்ன பேஜாரு?" என்றீர்கள். குளித்தாள். பத்து நாளைக்குள் மடியில் ஒரு பக்கம் கல்லாட்டம் இறுகியது. முதல் பீச்சலைக் கறுப்பு டைல்ஸ் துண்டில் பிடித்துப் பார்த்தால் தயிர்த் திப்பி மாதிரி விழுந்தது.

மாட்டு டாக்டர் மேடம் வந்தார். சின்ன வயது, கன்னடக்காரர், நமக்காகத் தமிழைப் பிடித்து இழுத்துப் பேசுவார். காம்புக்குள் மருந்து ஏற்றிவிட்டு, "இந்தப் பாலு கேன்ல சேர்க்கபேடா, வேணாம். இவள கொனேலி கறங்க, எல்லாருக்கும் கடைசி. இவள தொட்ட கையில வேற மாடு தொடக்கூடாது. நோய் கையிலதான் போகும்," என்றார். அவர் சொன்னதில் உங்கள் காதில் ஏறியது ஒரே வார்த்தை. கடைசி.

"எங்க வீட்டு மாட்ட கடைசிப் பந்தியில உட்கார வைக்கச் சொல்றியாம்மா?"

மேடம் என்னைப் பார்த்தார். "பந்தி அந்தரே ஏனு?" என்று கேட்டார். பந்தி என்றால் என்னவென்று அவருக்கு யார் விளக்குவது? நான் சிரிப்பை அடக்கப் பசுவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளில் இருந்து நாங்கள் கறக்க வருவதற்கு முன்னாலேயே மகாராணியின் மடி வற்றிக் கிடந்தது. நோயால் பால் குறைந்துபோச்சு என்று அக்கா கவலைப்பட்டாள். எனக்குச் சந்தேகம் உங்கள் சட்டையில் வந்தது. வயிற்றுப் பக்கம் காய்ந்த பால் திட்டு. பிறந்ததில் இருந்து ஒரு காம்பைத் தொடாத மனிதர், மகாராணிக்கு முதல் மரியாதை கெட்டுவிடக் கூடாது என்று இருட்டோடு வந்து, தெரிந்த மாதிரி கறந்து கீழே ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஊற்றிவிட்டு, மடி துடைக்கிற துணியில் அந்தக் கையைத் துடைத்து, துணியை அதே ஆணியில் மாட்டிவிட்டீர்கள். அது தெரியாமல் அதே துணியால் நான் சின்னியின் மடியைத் துடைத்தேன்.

சின்னியின் முன் காம்பு ஒன்று போச்சு மாமா. கொதித்தது, வீங்கியது, அப்புறம் சுருங்கி வெறும் தோலாகத் தொங்கியது. பின் காம்பு ஒன்றும் சூடாக ஆரம்பித்தது. அதுவும் போனால் பாதி மடி. பாதி மடியோடு மாட்டை யாரும் கட்டித் தீனி போட மாட்டார்கள், சந்தையில் அதை வாங்க வருகிற ஆட்கள் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா உங்கள் காலில் விழாத குறையாகச் சொன்னாள். "அவங்க மாட்டோட ராசி அது. எங்க மாடு என்ன செய்யும்?" என்றீர்கள். கேட்டுக்கொண்டு நான் நின்றேன். அந்த நிமிஷத்தில் என் கையில் பால் கேன் இருந்தது. உங்கள் தலை அதற்குத் தப்பியது அக்கா முகத்துக்காக.

கோபப்பட்டு ஆகாது என்று தெரிந்தது. உங்களைக் கெஞ்சினால் பஸ் ஸ்டாப்புக்குப் போவீர்கள். கழற்றிக் கொடுக்க எங்களிடம் இன்னொரு வாட்ச் இல்லை. மறுநாள் சாயங்காலம் கிளப் ஹவுஸ் படியில் உங்களுக்கு டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். கட்சி மீட்டிங் போட்டா தலைவரு முதல்ல வருவாரா, கடைசில வருவாரா?"

"கடைசிலதான் வருவாரு. இது ஒரு கேள்வியா?"

"முதல்ல யாரு பேசுவா?"

"வட்டம், வார்டு, அந்தச் சில்லறைங்க."

"அப்போ நம்ம கொட்டகையில சில்லறைங்க யாரு?"

நீங்கள் மாடுகளைப் பார்த்தீர்கள். மூளை நகர்வது நெற்றியில் தெரிந்தது.

"சின்னி?" என்றேன்.

"அது மைக் டெஸ்ட் பண்றவன்," என்றீர்கள், கொஞ்சமும் சிரிக்காமல்.

"மகாராணி?"

நீங்கள் டீயைக் கீழே வைத்தீர்கள். எங்கள் அப்பாவின் வாட்சைத் திருப்பிப் பார்த்தீர்கள், தலைவர் வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. "இனிமே எங்க மாட்ட யாராச்சும் முன்னாடி கறந்தீங்கன்னா நான் பொல்லாதவன் ஆயிடுவேன்," என்றீர்கள்.

அன்றில் இருந்து நீங்கள் அடித்த கூத்து இருக்கிறதே. சுத்தமான மாடுகள் முதலில், பிறகு சின்னி, எல்லாம் முடிந்து தரையைக் கழுவிய பிறகு மகாராணி. அவள் வருவதற்கு முன் எங்களை எழுந்து நிற்கச் சொன்னீர்கள். தலைவருக்குத் தனித் துணி, தனி வாளி, புதுச் சோப்பு. கறந்து முடித்ததும் காம்பு முக்குகிற கிண்ணத்தை ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு நீங்களே நிற்பீர்கள். மருந்தை முக்கி, முன்னால் தீவனத்தைப் போட்டு, வாட்சைப் பார்த்து, அரை மணி நேரம் ஒரு மாட்டையும் படுக்க விடமாட்டீர்கள். அந்த வாட்ச் முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆனது. டாக்டர் மேடம் வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா கவனிக்கிறீங்க சார்," என்றபோது, அவருக்கும் தலைவர் கதையைச் சொன்னீர்கள். சின்னியின் பின் காம்புச் சூடு இறங்கியது. அவள் மூன்று காம்போடு நின்றுவிட்டாள். இன்றைக்கும் மூன்று காம்பில் கறக்கிறாள்.

அதோடு விட்டீர்களா? தலைவர் கதை மாட்டில் இருந்து உங்களுக்கு ஏறிவிட்டது. அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் நீங்கள் உட்காரவில்லை. கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டீர்கள். "சில்லறைங்க சாப்பிடட்டும்," என்று என் காதில் சொல்வீர்கள். கடைசிப் பந்தியில் வடை இருக்காது, அப்பளம் நமுத்திருக்கும், சாம்பார் ரசமாகி ரசம் தண்ணீராகி இருக்கும். பசியோடு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "தலைவருக்கு வடை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைச் சோற்றில் விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை மடிப்பீர்கள். எத்தனை கல்யாணம். ஒவ்வொன்றிலும் முதல் பந்தியில் வடையைக் கடித்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நான் சும்மா அவிழ்த்துவிட்ட ஒரு கதை. அதை நம்பி ஒரு மனிதன் வருஷக்கணக்கில் வடையை விட்டான் என்றால் அவனை என்ன சொல்வது?

உங்கள் காரியம் முடிந்த பிறகு அக்கா ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள். "அவருக்குத் தெரியும்டி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. உன் தங்கச்சி எனக்கு எறங்கி வர ஒரு படி கட்டிக் குடுத்திருக்கான்னாரு."

நான் நம்பவில்லை. புருஷன் போன பிறகு எல்லா பெண்களும் அவனுக்குப் புத்தி இருந்ததாகத்தான் சொல்வார்கள். நீங்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மாலை போட்ட படத்தில்கூட யாரோ மரியாதை இல்லாமல் மாட்டிவிட்ட மாதிரித்தான் பார்க்கிறீர்கள். அப்படித் தெரிந்திருந்தால் எதற்காக அத்தனை வருஷம் வடையை விட்டீர்கள்? யோசித்துப் பார்க்கலாம்தான். எனக்கு ஐந்து மாடு கறக்க வேண்டியிருக்கிறது.

மகாராணி சுகமாகி எவ்வளவோ வருஷமாச்சு. எப்போது வேண்டுமானாலும் கறக்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். ஒரு நாள் மற்ற மாடுகளுக்கு முன்னால் அவளை இழுத்துப் பார்த்தேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வரவில்லை. எல்லாம் கறந்து, தரை கழுவி முடித்த பிறகு, அவளாக நடந்து வந்து நின்றாள். அக்கா அந்த வாட்சை கிளப் ஹவுஸ் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். அரை மணி நேரத்தை அதில்தான் பார்க்கிறோம். "அப்பாவோடது, நீ எடுத்துக்கோ," என்றாள். வேண்டாம் என்றேன். அது இரண்டு பேர் கையில் இருந்துவிட்டது, அப்பாவுடையது மட்டும் என்று இனி சொல்ல முடியாது.

நேற்று கல்யாணத்தில் முதல் பந்திக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். போகலாம் என்றுதான் எழுந்தேன். காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றேன் மாமா, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அக்காவும் நானும் போய் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் காலித் தட்டைக் காட்டி, "வடை ஆயிடுச்சும்மா," என்றார்.

"பரவால்லப்பா, தலைவருக்கு வடை எதுக்கு?"

அக்கா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். சொன்னது என் வாய். இத்தனை நாள் உங்களைக் கிண்டல் செய்து பழகிய வாய், உங்கள் வார்த்தையை எப்போது எடுத்து வைத்துக்கொண்டது என்று தெரியவில்லை. ரசத்தை விட்டுப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால், விரலில் அந்த அயோடின் வாசனை வேறு. சாப்பிட்டு முடித்து இலையை மடித்தேன். ஒழுங்காகத்தான் மடித்தேன்.