அப்பா கொடுத்த நன்கொடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதுபோலவே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். மாமா பேச்சு வந்தால் நீ குரலை உயர்த்துவாய், நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன், அவர் காசு ஏறுகிறது என்று வைத்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். தையல் அறையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது, புது மிஷின் நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறது, மெக்கானிக் இதோ வருகிறேன் என்று சொல்லியே நாளைக் கடத்துகிறார். அப்பாவுக்குப் பல்வலி. பிடுங்கினால் செலவு என்று வலியைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

மாமா நகர்மன்றத் தேர்தலில் ஜெயித்தது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. இந்தத் தடவை புது விதி கொண்டுவந்தார்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரு ஆள் வரம்புக்கு மேல் பணம் தரக்கூடாது, கொடுத்தவர்கள் பெயரை எல்லோரும் பார்க்கும்படி நகராட்சி வாசலில் ஒட்டிவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மாமாவின் மொத்தச் செலவையும் ரோடு போடும் ஜல்லி முதலாளி ஒருவரே ஏற்றுக்கொண்டிருந்தார், அதை அவர் ஒருவர் பெயரில் காட்ட முடியுமா, மாமா அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொந்தக்காரர்கள் பெயரில் எழுதிவிட்டான். மற்ற வேட்பாளர்களும் இப்படித்தான் பெயர்களை இரவல் வாங்கினார்களாம், ஆனால் அவர்கள் ஆள் பார்த்து வாங்கினார்கள். என் தம்பி அவசரத்தில் உன் அப்பா பெயரைப் போட்டுவிட்டான். நன்கொடை என்று யாராவது படியேறினால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிற மனுஷன்! தெருவே கிளம்பிப் போய் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தது. அப்புறம் நூலகத்துக்கு, விளையாட்டுக் கழகத்துக்கு என்று ஒருவர் மாற்றி ஒருவர் வரத் தொடங்கினார்கள், அந்த வாரம் குளித்த மாதிரி உன் அப்பா வாழ்நாளில் குளித்ததில்லை.

பேச்சு தேர்தல் அலுவலகம் வரைக்கும் போய், விசாரிக்க ஒரு அதிகாரியம்மா வந்தார். நான் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். உங்க வீட்டுக்காரர் இவ்வளவு குடுத்தது உண்மைதானாம்மா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மாமா முந்தின நாளே வந்து அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தான், நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தேன், தையல் பெண்களும் சிரித்தார்கள், அதிகாரியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் எந்த முகத்தோடு ஆமாம் என்பது? கொடுக்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவும் போட்டார்.

அன்றைக்கே மாமா வந்தான், உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே கத்தினான். எல்லாரும் பண்றதுதானேக்கா, பேரைத்தானே எடுத்தேன், உங்க பணத்தையா எடுத்தேன், பதவி போயிடும்னு தெரிஞ்சேதான் சிரிச்சியா என்றான். நான் ஒன்றுதான் கேட்டேன், நம்ம தெருவைத் தோண்டிப் போட்டுட்டுப் போனாரே ஜல்லிக்காரர், இனிமே அவரை ஏன்னு ஒரு வார்த்தை உன்னால கேக்க முடியுமாடா என்று. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. எங்கள் அம்மா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். மனசு வலிக்கிறது, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

உன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, உனக்கும் கேட்டு எழுதுவார்கள். அதற்குள் மாமா கூப்பிட்டுக் கெஞ்சுவான், நீ அவன் செல்லம். ஞாபகம் இல்லை என்று நழுவாதே. கொடுக்கவில்லை, அதைத்தான் எழுத வேண்டும். அவனைத் திட்டியும் ஒரு வரி எழுதாதே.

நேற்று மாமா வீட்டு அத்தை வந்து அவனுடைய பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை மேசையில் வைத்தாள். காலர் நைந்துபோயிருக்கிறது, பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டுமாம். ஜல்லி முதலாளி எடுத்துக் கொடுத்த புதுச் சட்டைகள் அடுக்கி இருக்குமே என்றேன். விசாரணைக்கு இதைத்தான் போட்டுட்டுப் போவாராம் அண்ணி, நீங்க தைச்சதாமே என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை, முதல் சாட்சி நான்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் மனசார ஆசி சொல்கிறார், அதில் மட்டும் அவர் தாராளம். குழந்தையின் அளவை மறக்காமல் அனுப்பு, போன தடவை நீ குத்துமதிப்பாகச் சொல்லி கவுன் குட்டையாகிவிட்டது. காலரைத் தைத்து முடித்துவிட்டேன், இனி அந்தச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் அவனுக்கு ஒன்றும் அறுந்து விழக்கூடாது.

என்றும் உன் நினைவாக,
அம்மா