முன்கூட்டி எழுதிய இரங்கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே தேர்தல் ஒருவழியாக முடிந்தது. ஆணையத்தின் செய்திப் பிரிவில் எங்கள் வேலையே முன்கூட்டி எழுதிவைப்பதுதான். வாக்குப்பதிவு தாமதமானால் ஓர் அறிக்கை, இயந்திரம் பழுதானால் இன்னொன்று. நிருபர்கள் கேட்பதற்குள் தாள் தயாராக இருக்க வேண்டும். பணியில் யாராவது இறந்தால் வெளியிட வேண்டிய இரங்கலையும் நான்தான் எழுதினேன். ஒத்திகைக்காக ஓர் ஆளைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அவசரத்தில் உங்களையே எழுதிவிட்டேன்: ஓவிய ஆசிரியர், வயது ஐம்பத்தெட்டு, பிள்ளைகளின் கிறுக்கலைக்கூடத் தூக்கி எறியாதவர்.

வாக்குப்பதிவன்று மதியம் ஒரு சாவடி அலுவலர் நாற்காலியிலேயே சாய்ந்து இறந்துவிட்டார். அவரும் ஓவிய ஆசிரியர். ஐம்பத்தெட்டு. அந்த இரங்கலில் பெயரை மட்டும் சேர்த்து அனுப்பினோம். கிறுக்கல் வரியை எடுக்க மறந்துவிட்டேன்.

"நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கியேம்மா!" என்றார் மேலதிகாரி. சிரித்துவைத்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை. வண்ணக்கறை படிந்த உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். அங்கே தேர்தல் வரும்போது உங்களைப் பணிக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்று சொல்லிவிடுங்கள்.

நேற்று அந்தச் சாவடி அலுவலரின் மகள் போன் செய்தாள். "அந்தக் கிறுக்கல் விஷயம் வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். எங்கப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன், அப்பா.

அலுவலக வண்டி வந்துவிட்டது. நான் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுங்கள்.

உங்கள் மகள்